வட்ட வாயில்களின் முன்னே: சூசோ தோட்டங்களைப் படம்பிடித்த அனுபவங்கள்

சீனாவின் சூசோ நகரத்துப் பழந்தோட்டங்களைப் படம்பிடிக்கச் செல்பவர்கள் பெரும்பாலும் மிக அகலமாக விரியும் லென்ஸைத்தான் முதலில் பையில் எடுத்து வைக்கிறார்கள். நான் அதை விடுதியிலேயே விட்டுவிட்டு, ஓரளவு விரிந்து காட்டும் 35 மி.மீ., தொலைவை நெருக்கிக் காட்டும் 85 மி.மீ. லென்ஸ்களை மட்டும் கொண்டு சென்றேன். எந்த இடத்தில் நின்றாலும் தோட்டம் முழுவதும் தெரிந்துவிடக் கூடாது என்பதிலேயே இவற்றைக் கட்டியவர்கள் கருத்தாக இருந்தார்கள். மூடிய நடைக்கூடம் வளைந்து செல்லும், வெள்ளைச் சுவர் குறுக்கே வந்து பார்வையை மறிக்கும், அந்தச் சுவரிலேயே பூவேலைச் சன்னல் ஒன்று திறந்து அடுத்த முற்றத்து மூங்கிலையும் தாய்ஹூ ஏரியிலிருந்து வரும், துளைகள் விழுந்த அலங்காரக் கல்லையும் மட்டும் காட்டும். அவர்கள் மறைத்ததையெல்லாம் ஒரே சட்டகத்துக்குள் இழுத்துப் போட்டால் கிடைப்பது தோட்டத்தின் படம் அன்று, அதன் வரைபடம்.

யுனெஸ்கோ 1997இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த நான்கு சூசோ தோட்டங்களில் ஒன்றான சுவோசெங் யுவான், மிங் அரசமரபுக் காலத்தில் பதவியை விட்டு ஊர் திரும்பிய அதிகாரி வாங் சியான்சென் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தது. அதன் நடுக்குளத்தின் கிழக்கு முனையில், நான்கு பக்கமும் வட்ட வாயில் கொண்ட சதுர மண்டபம் ஒன்று இருக்கிறது. ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் அமைந்து, அதற்குள் குளம் தெரியும்படி எடுக்க எல்லோரும் முயல்கிறார்கள். நின்றபடி எடுத்தால் உள்வட்டம் சற்றே மேலேறிக் கோணலாகவே விழுகிறது. அங்கே கேமராவுடன் அமர்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என்னைச் சிறிது நேரம் கவனித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தம் அருகில் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு வட்டங்களும் தாமாகவே பொருந்தின. இம்மண்டபங்கள் உட்கார்ந்து தேநீர் அருந்துவோருக்காகக் கட்டப்பட்டவை என்பதை அதன் பிறகு எந்த மண்டபத்திலும் நான் மறக்கவில்லை.

அதே முனையிலிருந்து மேற்கே பார்த்தால், குளத்துக்கும் மரங்களுக்கும் அப்பால், மதிலுக்கு வெளியே வெகு தொலைவில் நிற்கும் பெய்சி பகோடா என்னும் அடுக்குக் கோபுரம் தோட்டத்துக்கே உரியது போலத் தோன்றும். தோட்டத்தைவிடப் பழைய அந்த 76 மீட்டர் கோபுரத்தைக் காட்சியில் இரவல் வாங்கியிருக்கிறார்கள். அகல லென்ஸில் அது ஊசி முனையளவே தெரியும், 85 மி.மீ. லென்ஸில்தான் தன் இடத்தில் வந்து அமர்கிறது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, வெயில் நாளில் சுண்ணாம்புச் சுவர் வெளிறிப்போகும், அடர்நிற மரத்தூண்கள் கருத்துவிடும். ஜூன் நடுவில் தொடங்கும் மழைக்காலத்தின் மேகமூட்டமே நல்லது. ஓடுகள் நனைந்து கறுக்க, சுவர் மெல்லிய சாம்பல் கலந்த வெண்மையாக நிற்கும். அப்போதும் கேமரா சுவரைச் சாம்பலாக்கவே முயலும் என்பதால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். நீரின் பளபளப்பை அகற்றும் போலரைசர் வடிகட்டியை இங்கே நான் பயன்படுத்துவதில்லை, ஏனெனில் தலைகீழாகத் தெரியும் வளைகூரையும் கட்டடத்தின் பகுதியே.

இதைப் படித்த வேறொருவர் எழுதிய மறுமொழி: முந்தைய பகிர்வை எழுதிய நண்பருக்கு வணக்கம். தாங்கள் அமர்ந்து எடுத்ததைப் பற்றி எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். அகல லென்ஸைப் பற்றிய தங்கள் கருத்தை மட்டும் ஓரளவே ஏற்க முடிகிறது. நான் முதலில் பார்த்தது சூசோவை அன்று, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1981இல் திறக்கப்பட்ட முற்றத்தை. சூசோவின் வாங்ஷி யுவான் தோட்டத்து முற்றம் ஒன்றை மாதிரியாகக் கொண்டு, அங்கிருந்து வந்த கைவினைஞர்கள் கட்டியது அது. கண்ணாடிக் கூரை வழியே பரவலாக இறங்கும் வெளிச்சத்தில் சுவரின் வெண்மையைச் சமாளிப்பது எளிது. ஆனால் பின்னே நகர இடமே இல்லை. சுவரில் சாய்ந்து நிற்கும் அரை மண்டபத்தை, மேலெழும் கூரை முனையோடு சேர்த்து எடுக்க 24 மி.மீ. லென்ஸ் இல்லாமல் முடியாது. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் உள்நோக்கிச் சரியும். எனவே கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து, வேண்டாத தரையைப் பின்னர் வெட்டிவிட வேண்டும்.

பிறகு சூசோவுக்குச் சென்று, ஏறத்தாழ அரை ஹெக்டேர் பரப்பே கொண்ட வாங்ஷி யுவானைப் பார்த்தேன். குளக்கரை மண்டபம் ஒன்றில் பெரிய நிலைக்கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். எதிர்க்கரையையும் நிலவையும் மண்டபத்துக்குள் கொண்டுவருவதற்காக. நேரே நின்றால் நாமே படத்தில் விழுந்துவிடுவோம் என்பதால், பக்கவாட்டில் ஒதுங்கி, ஃபோகஸைக் கண்ணாடிச் சட்டத்தில் வைக்காமல் அதற்குள் தெரியும் கரையில் வைக்க வேண்டும். அங்கே தாங்கள் சொன்ன 35 மி.மீ. லென்ஸே போதுமானதாக இருந்தது.