அப்டேட்: வைஃபை டிரைவர் பிரச்சனை தீர்ந்துச்சு

போன வாரம் லினக்ஸ்ல கர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) அப்டேட் பண்ணதும் வைஃபை போச்சு, கார்டு கம்பெனி குடுத்த மூடின டிரைவர் (கார்டை இயக்கற புரோகிராம், சோர்ஸ் கோடை வெளிய காட்ட மாட்டாங்க) லோடே ஆகலன்னு எழுதியிருந்தேன்ல, அதோட அப்டேட் இது. கர்னலுக்குள்ளயே டிரைவர் இருக்கற வேற கார்டு வாங்கி மாட்டிட்டேன், சொருகினதும் நெட் வந்துருச்சு, எதையும் இன்ஸ்டால் பண்ணல.

பழைய லாக்ல "டெயின்ட்ஸ் கர்னல்"னு (கர்னல்ல கறை படுதுன்னு அர்த்தம்) ஒரு வரி இருந்துச்சு, ஜிபிஎல்ங்கற திறந்த லைசென்ஸ் இல்லாத மாட்யூல் (டிரைவர் மாதிரி கர்னல்ல ஏத்துற துண்டு) ஏறுனா லினக்ஸ் அப்படி குறிச்சு வைக்கும். கர்னலுக்குள்ள ஒரு ஃபங்ஷனை மாத்துறவங்க அங்க இருக்கற டிரைவரையும் சேர்த்தே திருத்தணும், வெளிய மூடி வச்சிருந்தா யாரு திருத்துவா, அந்தக் கம்பெனி மனசு வச்சாத்தான் உண்டு.

கிராஃபிக்ஸ் கார்டு பண்ற என்விடியாவே 2022 மே மாசம் அவங்க கர்னல் மாட்யூலை எம்ஐடி, ஜிபிஎல்னு ரெண்டு திறந்த லைசென்ஸ்லயும் திறந்து விட்டாங்க. ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர்) இன்னும் மூடித்தான் இருக்கு, அதையும் திறக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கணும்.