கோஃபிலின் வெட்டினால் அழிவா?

ஆய்வகப்பூனை:
நேற்று நேர்கோடு இங்கே போட்ட பதிவைப் படித்ததிலிருந்து காபிகூட இறங்கவில்லை. ‘நரம்புச் செல்லின் எலும்புக்கூடான ஆக்டின் இழைகளை வெட்டி அழிக்கும் புரதம் கோஃபிலின். அதை முடக்கிவிட்டால் அல்சைமர் ஓடிப்போகும்’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. ஐயா, வெட்டும். யார் இல்லை என்றது? ஆனால் அழிக்கும் என்று எங்கே படித்தீர்கள்? முருங்கையை ஒடித்து வளர்க்கணும் என்று உங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லையா? இழையை வெட்டினால் புது முனைகள் கிடைக்கும். அதிலிருந்து இழை மறுபடி நீளலாம். ஒரு பக்கம் கழன்று விழும் ஆக்டின்தான் இன்னொரு பக்கம் கட்டுவதற்குச் செங்கல்.

நேர்கோடு:
வாங்க பூனையாரே. போன மாதம் மைட்டோகாண்ட்ரியா பற்றிய விவாதத் திரியில் வாங்கியது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. எனக்கு ஒரே கேள்விதான். வெட்டுமா, வெட்டாதா? வெட்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் என்ன? இதன் உடன்பிறப்புப் புரதத்தை 1980இல் கோழிக்கரு மூளையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் வைத்த பெயரே ‘ஆக்டின் டீபாலிமரைசிங் ஃபேக்டர்’, அதாவது ஆக்டினைக் கலைப்பது. பெயரிலேயே இருக்கிறது.

ஆய்வகப்பூனை:
பெயரைப் பார்த்து முடிவு செய்கிறவர் குதிரைவாலிச் சோற்றில் குதிரையையும் தேடுவார்.

முடக்கினால் என்ன ஆகும் என்று முடக்கிப் பார்த்தவர்களையே கேளுங்கள். ஜெர்மனியின் பான் நகரில் ஃபிராங்க் பிராட்கே குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு. நீங்கள் சொன்ன அந்த உடன்பிறப்பு, கோஃபிலின் இரண்டும் இல்லாத எலி நரம்புச் செல்கள். என்ன நடந்தது? கிளையே விடவில்லை. உருண்டையாக உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் ஆக்டின் அடர்ந்து கிடக்க, செல்லைத் தாங்கும் இன்னொரு வகை இழைகளான நுண்குழல்கள் அதைத் தாண்டி வெளியே வர முடியவில்லை. வெட்டுகிறவன் இல்லாமல் போனதால் வந்த வினை இது. 2019இல் அதே குழு, வளர்ந்த விலங்கின் தண்டுவடத்தில் அறுந்த ஆக்சான் (நரம்புச் செல்லின் நீண்ட வால்) மறுபடி வளரவும் இதே வெட்டும் வேலைதான் கைகொடுக்கிறது என்று காட்டியது. நரம்புச் செல்லுக்குச் செய்தி வாங்கித் தரும் கிளையான டெண்ட்ரைட்டின் முட்களில் இருக்கும் ஆக்டினில் பெரும்பகுதி சுமார் 44 விநாடியில் புதுப்பிக்கப்படுகிறது. கழற்றாமல் எப்படிப் புதுப்பிப்பது?

மொழிக்காவலன்:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். செல்லுக்குள் எலும்பு ஏது? ‘எலும்புக்கூடு’ என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். ‘செல் சட்டகம்’ என்ற அழகான சொல் இருக்கிறது.

நேர்கோடு:
சட்டகம் என்றால் புகைப்படம் மாட்டுவதா காவலரே?

பூனையார் வசதியாக ஒன்றை மறைக்கிறார். செல்லின் எரிபொருளான ஏடிபி தீர்ந்துபோனாலோ, நரம்புச் செய்தி கடத்தும் குளுட்டமேட் அளவுக்கு மீறினாலோ, அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு பட்டாலோ நரம்புச் செல்லுக்குள் குச்சி குச்சியாகத் திரள்கள் வருகின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் ஜேம்ஸ் பாம்பர்க் குழு 2000இலேயே எழுதியது. அந்தக் குச்சி எதனால் ஆனது? ஆக்டினும் கோஃபிலினும். சாமான் போகும் வழியை அடைப்பது எது? அதே குச்சி. இப்போது சொல்லுங்கள், குற்றவாளி யார்?

ஆய்வகப்பூனை:
இதற்காகத்தான் காத்திருந்தேன்!

அந்தக் குச்சியை நான் கண்ணால் பார்த்தவன். முதுகலை படிக்கும்போது வழக்கம்போல, ஆக்டின் இழையில் ஒட்டி அதைக் காட்டும் ஃபல்லாய்டின் சாயம் போட்டுப் பார்த்தால் குச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. சாயத்தை வீணடித்தேன் என்று வழிகாட்டி எல்லார் முன்னாலும் கத்தினார். கோஃபிலினைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி போட்ட பிறகுதான் பச்சைத் தீக்குச்சி மாதிரி வரிசையாகத் தெரிந்தது. ஏன் தெரியுமா? அந்தக் குச்சியில் ஒரு ஆக்டினுக்கு ஒரு கோஃபிலின் என்று இழை முழுக்க அப்பிக்கொண்டு, இழையின் முறுக்கையே மாற்றிவிடுகிறது. ஃபல்லாய்டின் உட்கார இடமில்லை. அப்படி முழுக்க அப்பிய இழையை அது வெட்டுவதும் இல்லை. ஆக, அடைப்பு வந்தது வெட்டியதால் அல்ல, வெட்டாமல் ஒட்டிக்கொண்டதால். அந்தக் குச்சிகூட ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் ஏடிபியை மிச்சப்படுத்தித் தருகிறது. போகாமல் தங்கிவிட்டால்தான் தொல்லை.

நேர்கோடு:
சுற்றி வளைத்து என் வாசலுக்கே வந்துவிட்டீர்கள். ஒட்டியது யார்? கோஃபிலின். நன்றி.

புதுசு:
சார், ஒரு சந்தேகம். லிம் கைனேஸ் என்ற நொதி கோஃபிலினுக்குப் பாஸ்பேட் ஏற்றி அதை அடக்கும் என்று படித்தேன். வில்லியம்ஸ் நோய்க்குறி என்ற பிறவிக் கோளாறில் விடுபடும் மரபணுக்களில் அதன் மரபணுவும் ஒன்றாமே? அப்படியானால் அவர்களுக்கு...

ஆய்வகப்பூனை:
தம்பி, நல்ல கேள்வி, இரு. முதலில் இவருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன். நேர்கோடு, நீங்கள் எழுதியது ‘வெட்டி அழிக்கும்’. இப்போது ‘ஒட்டியது யார்’ என்கிறீர்கள். வெட்டா, ஒட்டா? ஒன்றில் நில்லுங்கள்.

அரவக்குறிச்சியான்:
புரதம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் முருங்கையை இழுத்தீர்கள், அதனால் வருகிறேன். கண்ட நேரத்தில் ஒடித்தால் காய்க்காது சார். நாங்கள் பி.கே.எம். 1 செடிமுருங்கை ரகத்தைக் காய்ப்பு ஓய்ந்த பிறகு, தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டுவோம். அடியோடு வெட்டினால் போச்சு.

நேர்கோடு:
பார்த்தீர்களா! விவசாயியே சொல்லிவிட்டார், வெட்டினால் போச்சு.

ஆய்வகப்பூனை:
அடியோடு வெட்டினால் என்றார்! மேலே 90 செ.மீ. என்று எழுதியிருக்கிறாரே, அது கண்ணில் படவில்லையா? மைட்டோகாண்ட்ரியா திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள், பாதி வாக்கியத்தை விழுங்குவது.

மொழிக்காவலன்:
டெண்ட்ரைட்டுக்கு ‘முள்’ என்பதும் தவறு. ‘முகிழ்’ எனலாம்.

நேர்கோடு:
மைட்டோகாண்ட்ரியா திரியில் பதில் சொல்லாமல் மூன்று நாள் ஓடிப்போனது யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஆய்வகப்பூனை:
என் தங்கை கல்யாணம் அது. உங்களுக்கும்தான் பத்திரிகை அனுப்பினேன்.

அரவக்குறிச்சியான்:
90 செ.மீ. என்பது செடிமுருங்கைக்கு. மரமுருங்கைக்குக் கணக்கு வேறு.