குளத்து நன்கொடை: ஜேசிபிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

சங்கத்து உறவினர் அனைவருக்கும் மஸ்கட்டிலிருந்து வணக்கம்.

குளம் தூர்வாரக் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் கேட்டுத் தலைவர் அண்ணன் அனுப்பிய மடல் கிடைத்தது. கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் சென்ற மாதம் ஊருக்குப் போய்வந்த என் தங்கை கண்டதைச் சொல்லாமல் பணத்தை மட்டும் அனுப்ப மனம் ஒப்பவில்லை. ஒருநாள் மழைக்கே வரத்து வாய்க்கால் கறுப்புக் குழம்பாக ஓடியதாம். மூன்றாம் நாள் குளத்தின் கிழக்கு ஓரத்தில் முழங்கால் அளவு புதுச் சேறு கிடந்ததாம். அது நம் மேட்டு விளைநிலங்களான காடுகளின் மேல்மண்.

பாலக்காட்டு மாவட்டத்து நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேரளத்தில் இருந்தாலும் கேரளத்து மழை நமக்குப் பெய்வதில்லை என்பதும், சித்தூர் வட்டாரத்தில் ஊறும் நீரில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறோம் என்பதும் எவருக்கும் புதிதல்ல. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும் என்று துபாய்ச் சித்தப்பா மடலுக்கு மடல் எழுதுகிறார். வரட்டும், அந்தத் தண்ணீர் நம் மேட்டுக்கு ஏறாது. நம் குளத்துக்கு நம் காட்டு மழைதான் கதி. ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். வரப்பு இருந்தால் ஒரு பங்கு மண்ணில் இறங்கி மீதி தெளிந்து வரும், இல்லாவிட்டால் மண்ணை வாரிக்கொண்டு வரும்.

வரப்பை அழித்தவர் யார் என்று கேட்டால் பழைய சண்டை மூளும் என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கடலையும் சோளமும் விளைந்த எங்கள் காட்டைத் தென்னந்தோப்பாக்கியபோது, டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று குறுக்கு வரப்புகளை நிரவியவர் என் அப்பா. அன்றிலிருந்து உழவும் மேலிருந்து கீழாகத்தான். மேட்டுத்தோட்டத்தார் செய்ததும் அதுவே. 1983 வறட்சியில் அவர்கள் கிணற்றைத் திறந்துவிட்டதை நான் மறக்கவில்லை. அதற்காக வாய்க்காலை நெருக்கி அவர்கள் வேலி போட்டதைப் பேசாமல் இருக்கவும் முடியாது.

ஆகவே முதல் தவணைப் பணம் வாய்க்காலுக்கும் வரப்புக்கும் போகவேண்டும் என்பது என் விண்ணப்பம். வரப்பிலும் ஒரு கவனம் வேண்டும். தொழிலுறப்பு என்னும் நூறு நாள் வேலையில் முன்பு போட்ட வரப்புகள் ஏன் நிற்கவில்லை என்றால், நம் கரிசலில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். சம மட்டத்தில் கட்டித் தேக்கினால் பயிர் அழுகும், கோடையில் மண் வெடித்துக் கரையிலும் பிளவு விழும், அடுத்த மழையில் அந்தப் பிளவு வழியே உடைப்பெடுக்கும். செம்மண்ணுக்குச் சரியானது கரிசலுக்குப் பொருந்தாது. லேசான சரிவு கொடுத்து, மிகுதி நீரைப் புல் வளர்ந்த ஓடைக்குத் திருப்பி, விழும் இடத்தில் கல் பதித்து, கரைமேல் வெட்டிவேரோ கொழுக்கட்டைப்புல்லோ வைத்தால் நிற்கும். வாய்க்கால் குளத்தில் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு வண்டல் குழி வெட்டிக் கோடைதோறும் வழித்தெடுத்தால், குளத்தில் சேறு சேர்வது வெகுவாகக் குறையும்.

அதன் பிறகு ஜேசிபி வரட்டும். அப்போதும் படிந்த வண்டலை மட்டுமே எடுக்கவேண்டும். ஆழம் ஆழம் என்று அடிக்களியைக் கிழித்தால் குளத்தில் தண்ணீர் நிற்காது. கணக்கு மாமா மணி வாடகையை மட்டும் கேட்கிறார். எத்தனை லோடு வண்டல் போனது, யார் காட்டுக்குப் போனது என்பதும் அதே நோட்டில் ஏறவேண்டும். வெளியே விற்பதானால் சுரங்கம் மற்றும் புவியியல் துறையின் அனுமதியும் வேண்டும். கோயில் திருப்பணியின்போது மிச்சமான செங்கல் எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது; இங்கே அதைக் கிளறப்போவதில்லை.

பக்கத்து ஊர்க் குளத்துக்கு வளைவும் பளிங்குக் கல்வெட்டும் இருக்க நமக்கு இல்லாதது மானக்கேடு என்று சிங்கப்பூர் மச்சான் எழுதியிருந்தார். அந்த வளைவுச் செலவில் நம் வாய்க்கால் முழுவதையும் செப்பனிடலாம் மச்சான். 2016-ல் மாநிலத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்களே, அதையடுத்த கோடையில் நம் வீட்டுப் பெண்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது நமக்கு மானக்கேடாகத் தெரியவில்லையா?

எங்கள் காட்டின் கீழ்த்தலைப்பில் வரப்புக்கு மூன்றடி விடும்படி தம்பியிடம் சொல்லிவிட்டேன்; ஆடி உழவு குறுக்கேதான் ஓட்டவேண்டும் என்று டிராக்டர்க்காரரிடமும் பேசியாயிற்று. மேட்டுத்தோட்டத்து மாமா வேலியை எவ்வளவு நகர்த்துவார் என்று இங்கேயே எழுதினால், அன்றே என் 15,000 வந்து சேரும்.

அன்புடன்,
கீழ்வீட்டு மூத்தவன்