முன்பாதத்தை ஊன்றி ஓடினால் குதிகால் தசைநாண் பிழைக்குமா?

வெறுங்கால்:
ஓட்டக்காரர்களின் காயங்களுக்குக் குதிகாலைக் குத்தி ஓடுவதே மூலகாரணம் என்பது என் உறுதியான கருத்து. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையே முதலில் ஊன்றுகிறார்கள் என்றும், குதிகால் ஊன்றும்போது எழும் திடீர் மோதல் அவர்களிடம் ஏறக்குறைய இல்லை என்றும் ஆய்வாளர் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010இல் காட்டினார்கள். மோதல் குறைந்தால், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் நல்லதுதானே?

நெடுந்தொலைவு:
அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. சுமை மறைவதில்லை, இடம்தான் மாறுகிறது. முன்பாதம் ஊன்றியதும் கீழே சரியும் குதிகாலை இழுத்துப் பிடிப்பவை கெண்டைக்கால் தசையும் அதன் நாணும்தான். ஆகவே முழங்காலுக்குக் குறைகிற பாரம் ஒவ்வோர் அடியிலும் நாணின் மேல் ஏறுகிறது. நான் ஒரே வாரத்தில் பாணியை மாற்றியவன். மூன்றாம் வாரம் காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முதல் பத்தடி நடக்க முடிந்தது. குதிகாலுக்கு இரண்டு விரற்கடை மேலே கிள்ளிப் பார்த்தபோது, கயிற்றில் முடிச்சு விழுந்ததுபோல் ஒரு தடிப்பு தட்டுப்பட்டது.

வெறுங்கால்:
உங்கள் வலிக்கு வருந்துகிறேன். ஆனால் அது அவசரத்தின் விளைவு, பாணியின் குற்றமன்று. வெறுங்காலோடு வளர்ந்தவர்களின் நாண் சிறுவயதிலேயே பழகிவிடுகிறது.

நெடுந்தொலைவு:
அவசரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், வெறுங்காலோடு வளர்ந்தவர்கள் எல்லாரும் அப்படி ஓடுவதில்லை. வடகென்யாவின் தாசனக் மக்களைப் பற்றி 2013இல் வந்த ஆய்வில், தங்களுக்கு இயல்பான நெடுந்தூர வேகத்தில் ஓடியபோது 72 சதவீதம் பேர் குதிகாலையே முதலில் ஊன்றினார்கள். வேகம் கூடியபோதுதான் அது குறைந்தது.

இயன்முறை:
சிகிச்சை தருபவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முழங்கால் வலியோடு வருபவரிடம் முன்பாத ஓட்டத்தைப் பற்றிப் பேசுவேன். நாண் வலியோடு வருபவரிடம் பேசமாட்டேன். தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும், நாணுக்கு மாதங்கள் வேண்டும். நாண் வலிக்காக ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் 1998இல் முன்வைத்த பயிற்சியும் 12 வாரங்கள் கொண்டது: படியின் விளிம்பில் நின்று வலிக்கும் காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும், முழங்காலை நீட்டியும் மடக்கியும் தலா 15 முறை வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இருவேளை. எலும்போடு நாண் ஒட்டும் இடத்திலேயே வலி இருந்தால் மட்டும் படிமட்டத்துக்குக் கீழே இறக்காதீர்கள். அங்கே நாண் எலும்பின்மேல் அழுந்தும்.

வெறுங்கால்:
முழங்காலைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. நாணுக்கும் அதுவே நல்லது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.