கம்யூனிஸ்ட் வந்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஓடம்போக்கி எழுதியது:

எனக்கு ஊர் கீழ்வேளூர் பக்கம், வேலை திருப்பூரில் பனியன் கம்பெனியில். பொங்கலுக்குப் போனபோது சித்தப்பாவுக்கும் பெரியப்பா மகனுக்கும் பெரிய வாக்குவாதம். "செங்கொடிக்காரன் கையில் நாடு போனால் இருக்கிற வீட்டையும் எழுதி வாங்கிக்கொள்வான், கோயிலைப் பூட்டுவான், சீனாவைப் பார்" என்கிறார் சித்தப்பா. அண்ணன் சங்கத்தில் இருப்பவர். "நீங்கள் தின்கிற ரேஷன் அரிசி, நூறு நாள் வேலை எல்லாம் நாங்கள் போராடி வாங்கித் தந்தது, நன்றி கெட்டுப் பேசாதீர்கள்" என்று கத்துகிறார். ஒரு மணி நேரம் இப்படியே போனது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் புதிதாக ஒரு விஷயம்கூடத் தெரியவரவில்லை.

நடுவில் அம்மா ஒன்று கேட்டார். 2019இல் எம்.பி. தேர்தலுக்குக் கதிர் அரிவாளில் போட்டேன், 2021இல் எம்.எல்.ஏ. தேர்தலுக்குச் சுத்தியல் அரிவாளில் போட்டேன், இரண்டும் ஒரே கட்சிதானே, எதற்கு இரண்டு சின்னம்? அண்ணன் "அது பெரிய கதை சித்தி" என்று தள்ளிவிட்டார். சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. மூன்று தேர்தலில் ஓட்டுப் போட்டவன் நான், வெட்கமாக இருந்தது. கட்சிப் பிரசாரம் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

பழைய தபால்காரர்:

அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன் தம்பி. 1964 வரை ஒரே கட்சி. 1962 சீனப் போரில் என்ன நிலை எடுப்பது, காங்கிரசோடு ஒத்துப்போவதா எதிர்ப்பதா என்ற சண்டையில் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். 1964 கடைசியில் கல்கத்தாவில் மாநாடு கூட்டித் தனிக் கட்சியானார்கள். அதுதான் மார்க்சிஸ்ட், சுத்தியல் அரிவாள் நட்சத்திரம். கதிர் அரிவாள் இந்திய கம்யூனிஸ்ட் என்கிற பழைய கட்சியோடு தங்கிவிட்டது. வெறும் பெயர்ச் சண்டை என்று நினைக்க வேண்டாம். 1975 நெருக்கடி நிலையை ஒரு கட்சி ஆதரித்தது, இன்னொன்று எதிர்த்தது. ஆதரித்தது கதிர் அரிவாள், பிறகு அது தவறு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஓட்டுப் போடுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

வண்டல்மண்:

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கேரளத்தில் 1957இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஈ.எம்.எஸ். முதல்வரானார், 1959இல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. அதற்குப் பிறகும் அங்கே இரண்டு கட்சிகளும் பல முறை ஆண்டிருக்கின்றன. யாருடைய குடியிருக்கிற வீடு போனது? நடந்தது நேர் எதிர். 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த இடத்தையே வாங்கிக்கொள்ளும் உரிமை வந்தது. ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெரிய நகரத்தில் 3. நிலம் போனது குத்தகைக்கு விட்டு விளைச்சலில் பங்கு வாங்கியவர்களுக்கும் உச்சவரம்புக்கு மேலே வைத்திருந்தவர்களுக்கும்தான். (சட்டம் நிறைவேறியது ஈ.எம்.எஸ். காலத்தில், அமலானது அச்சுத மேனன் காலத்தில். ஒருவர் மார்க்சிஸ்ட், மற்றவர் பழைய கட்சி. பெருமை யாருக்கு என்று இரண்டு கட்சிக்காரர்களும் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.)

இன்னொன்று. தமிழ்நாட்டில் 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று உச்சவரம்பு கொண்டுவந்தது காங்கிரஸ், 1970இல் அதை 15 ஆக்கியது தி.மு.க. 1971இல் விவசாயத் தொழிலாளியின் குடியிருப்பு மனையை அவருக்கே சொந்தமாக்கும் சட்டமும் இங்கேயே வந்தது. சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து 1978இல் எடுத்தது ஜனதா அரசு. இதில் எதுவும் கம்யூனிஸ்ட் ஆட்சி இல்லை. உங்கள் சித்தப்பா குடியிருக்கும் மனைக்குப் பட்டா எந்த வழியில் வந்தது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கம் பண்ணையாள். பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் அவருக்குக் கதை இல்லை. கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் வந்து விவசாயிகள் சங்கம் கட்டிய பிறகுதான் நிமிர்ந்து பேசினேன் என்பார். தாத்தா ஒரு தத்துவமும் படித்தவர் இல்லை. அடிப்பதை நிறுத்தச் சொன்ன கொடி அது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கீழ்வெண்மணி. கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்ட சண்டையில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேரைப் பண்ணையார்களின் ஆட்கள் எரித்தார்கள். அந்தத் தொகுதியில் இருந்துகொண்டே இது தெரியாமல் "சீனா சீனா" என்று பேசுவது எனக்கு வலிக்கிறது.

கிழக்குக்கடல்:

வண்டல்மண் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவின் பயம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. சோவியத்தில் சின்ன விவசாயியின் நிலம், மாடு எல்லாவற்றையும் கூட்டுப்பண்ணையில் சேர்த்தார்கள். விளைந்த தானியத்தை அரசே வாரிக்கொண்டு போக, உக்ரைனில் 1932-33இல் மட்டும் லட்சக்கணக்கில் பட்டினியால் செத்தார்கள். சீனாவில் 1958இல் கம்யூன் என்று வீட்டு அடுப்பையே அணைத்துப் பொதுச் சமையலறை வைத்தார்கள், பிறகு வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கில் சாவு. இதைச் சொன்னால் "அமெரிக்கா செய்யாததா" என்றுதான் தோழர்கள் பதில் தருகிறார்கள். அது பதிலே இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், மேற்கு வங்காளத்துக்கு வாருங்கள். 1978இலிருந்து ஆபரேஷன் பர்கா என்று லட்சக்கணக்கான குத்தகைதாரர்களைப் பதிவு செய்து உரிமை கொடுத்த அதே மார்க்சிஸ்ட் கட்சி ஆட்சிதான் 2007 மார்ச் 14இல் நந்திகிராமில் நிலத்தைத் தர மாட்டேன் என்ற விவசாயிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 14 பேர் இறந்தார்கள். சிங்கூரில் கார் தொழிற்சாலைக்கு எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. 34 வருட ஆட்சி 2011இல் போனதற்கு இதற்குப் பெரிய பங்கு உண்டு. அண்ணனிடம் நந்திகிராம் பற்றிக் கேளுங்கள். வாய் திறந்து பதில் சொன்னால் அவரை மதிக்கிறேன்.

2019 தேர்தலுக்கு தி.மு.க. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து 25 கோடி கொடுத்தது தி.மு.க.வே தேர்தல் ஆணையத்தில் காட்டிய கணக்கு. மறைக்கவில்லை, வங்கி வழியாக வந்தது என்றார்கள் தோழர்கள், சரி. ஆனாலும் ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கரும்பலகை:

பள்ளி ஆசிரியை நான், தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். மக்களுக்கு அறிவில்லை என்று படித்தவர்கள் பேசுவதைக் கேட்டால் கோபம் வரும். நடவுக் கூலி எவ்வளவு, எந்த மாதம் நூறு நாள் சம்பளம் நின்றது, எந்தக் கடையில் எடை குறைகிறது என்று ஓடம்போக்கியின் அம்மாவுக்குத் தெரியும். தெரியாதது எதுவென்றால் கட்சிக்காரர்கள் சொல்லாமல் விட்டது. கூட்டணி வேட்பாளர் வந்து சின்னத்தைக் காட்டிக் கும்பிட்டுப் போய்விடுகிறார், இருபது நாளில் வேறு என்ன சொல்கிறார்கள்?

அண்ணனுக்கும் ஒரு திருத்தம். நூறு நாள் வேலைச் சட்டம் 2005இல் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியில் வந்தது. அன்று அந்த ஆட்சியை வெளியிலிருந்து தாங்கியவர்கள் சுமார் 60 இடதுசாரி எம்.பி.க்கள், அவர்கள் கொடுத்த அழுத்தம் உண்மை. ஆனால் "நாங்கள் மட்டும்" என்பது உண்மை இல்லை. ரேஷனில் 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் அண்ணா கொண்டுவந்தது, 2011 முதல் விலையில்லா அரிசி ஜெயலலிதா அரசு கொடுத்தது. அடுத்தவன் செய்ததை அடுத்தவன் செய்தான் என்று சொன்னால் எந்தக் கொடியும் கிழிந்துவிடாது.

ஓடம்போக்கி:

எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் ராத்திரி போனில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெண்மணி அவருக்கு முன்பே தெரியுமாம். அப்போது அவர் பிறக்கவில்லை, பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறார். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சித்தப்பா பெட்டியிலிருந்து மனைப் பட்டாவை எடுத்துப் பார்த்தாராம், தாத்தா பெயரில் குடியிருப்பு என்று போட்டிருக்கிறதாம். இன்னும் சீனாவை விடவில்லை. அண்ணனுக்கு நந்திகிராம் பற்றி அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டார், பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போகும்போது கேட்கப்போகிறேன்.