‘கன்டெயின்மென்ட்’: சிறையா, குரம்பா, வளைப்பா?

மன்னார்குடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். செவிலியர் மாணவிகளுக்கான கையேட்டில் தொற்றுநோய் இயலை மொழிபெயர்த்து வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். புதிய தொற்று ஒன்று தலைகாட்டியதும், அது ஊர் தாண்டி, கடல் தாண்டிப் போகாதபடி நாடுகள் கூடிச் செய்யும் ‘கன்டெயின்மென்ட்’டைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘கட்டுப்படுத்தல்’ என்று எழுதினால் அடுத்த வரியில் வரும் ‘கன்ட்ரோ’லுக்குச் சொல் இல்லை. ‘தனிமைப்படுத்தல்’ ஏற்கெனவே ஐசோலேஷன், குவாரன்டைன் என்னும் இரண்டையும் சுமக்கிறது.

திருவையாற்றிலிருந்து:
அம்மா, தயங்காமல் ‘நோய்ச்சிறை’ என்று எழுதுங்கள். ‘வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமை’ என்று வஞ்சித்திணையில் தொல்காப்பியர் சொல்லும் சிறை, நீரைத் தடுக்கும் அணையே அன்றிக் கைதிகளின் கொட்டடி அன்று. சிறகு, பக்கம், கரை, காவல் என்று அச்சொல்லுக்குள்ள பொருள்கள் அனைத்திலும் புறத்தே சூழ்ந்து நிற்றல் என்னும் கருத்து ஓடுகிறது என்பது என் துணிபு. ‘நோயணை’ என்று யாரும் முன்மொழிய வேண்டாம். கல்லணை நீரைத் தேக்கி வைப்பதில்லை; காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுகிறது. தவிரவும், ‘நோயணைப்பு’ என்று நீட்டினால் நோயைக் கட்டித் தழுவியதாகிவிடும்.

நாகப்பட்டினத்திலிருந்து:
ஐயா, சொல் அழகானதுதான். அதை என் வார்டில் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. 2020இல் எங்கள் தெருமுனையில் சவுக்குக் கழி நட்டுத் தகரம் அடித்தபோது, எதிர்வீட்டு ஆச்சி தமக்கு வந்த காய்ச்சலை மூன்று நாள் மறைத்து வைத்தார்; பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். ‘சிறைகாக்கும் காப்பெவன் செய்யும்’ (அடைத்து வைத்துக் காப்பதால் என்ன பயன்) என்ற குறளை இங்கே இழுப்பதற்குப் பொறுத்தருள வேண்டும்.

மேலும், தொல்காப்பியர் காட்டுபவன் ‘ஒருவன்’; நோயைத் தடுப்பதோ பலர் கூடிச் செய்யும் வேலை. 2003இல் சார்ஸ் நோய் 8,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றியபோது தடுப்பூசி கிடையாது. நோயாளரைப் பிரித்து வைத்தும், அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்தும், பல நாட்டு ஆய்வகங்கள் கண்டதை உடனுக்குடன் பகிர்ந்தும்தான் ஜூலை மாதத்துக்குள் அதை நிறுத்தினார்கள். 2007இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுச் சுகாதார விதிகளின்படி, எல்லை தாண்டிப் பரவக்கூடிய அபாயம் என்று மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் ஒரு நாடு உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். தலைமடையில் உடைப்பெடுத்ததை மறைத்தால் கடைமடையில் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கும்பகோணத்திலிருந்து:
அப்படியானால் ‘நோய்க்குரம்பு’ என்றே வைக்கலாமே. ஆற்றில் நீர் இறங்கிவிட்டால் மூங்கில் முளைகளை வரிசையாக அடித்து, இடையில் தழையையும் வைக்கோலையும் திணித்து, மணலை இழுத்துப் போட்டு எழுப்பும் தடுப்பை எங்கள் பக்கம் கொரம்பு என்பார்கள், அகராதியில் குரம்பு. ஊர் கூடினால்தான் அது நிற்கும்.

திருவையாற்றிலிருந்து:
குரம்பு போடுவது நீர்மட்டத்தை உயர்த்தி வாய்க்காலில் திருப்புவதற்கு. நோயை எந்த வாய்க்காலில் திருப்பப் போகிறீர்கள்? குரம்பை என்றால் குடிசை, உடல் என்று வேறு பொருள்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

மன்னார்குடியிலிருந்து:
வியாழன் இரவாகிவிட்டது. பெரியம்மையை ஒழித்த வரலாறு அதே இயலில் வருகிறது. பனிப்போர்க் காலத்திலும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இதில் ஒன்றுபட்டன. நோய் கண்ட வீட்டைச் சுற்றி வளையமாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டே போனார்கள். 1975இல் இந்தியாவில் அது நின்றது. 1980இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அந்த வளையத்தை வைத்து ‘நோய்வளைப்பு’ என்று எழுதிவிட்டேன். நம் குழுவில் நால்வர் சரி என்றிருக்கிறீர்கள். அவர்களில் இருவர் களைப்பினால் சொன்னது எனக்குத் தெரியும்.

திருவையாற்றிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘புலிகொல் யானை’யில் கொன்றது எது, செத்தது எது என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டும் அதே தடுமாற்றம் இதிலும் உள்ளது: நோயை நாம் வளைத்தோமா, நோய் நம்மை வளைத்ததா? அடைப்புக்குறிக்குள்ளாவது நோய்ச்சிறையைச் சேர்த்துவிடுங்கள், அம்மா.