வோக்கிங்: நிலையம் தெற்கே பார்க்க, ஊர் ஏன் வடக்கே வளர்ந்தது?

சுவடுதேடி:

லண்டன் வாட்டர்லூவிலிருந்து 24 மைல் தொலைவில், சர்ரே மாவட்டத்தில் இருக்கும் வோக்கிங் பற்றி ஒரு கேள்வி. ரயிலால் பிறந்த ஊர் என்றுதான் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. பழைய வோக்கிங் கிராமம் நிலையத்திலிருந்து தென்கிழக்கே ஒன்றரை மைலுக்கு அப்பால் வே ஆற்றங்கரையில் கிடக்கிறது. நிலையத்தின் முதல் கட்டடம் தெற்கு முகமாக இருந்தது. ஆனால் கடைவீதி முழுக்க வடக்கே. 1838-லேயே ரயில் வந்தும் 20 ஆண்டுகளுக்கு அங்கே ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் எழும்பவில்லை.

இதற்கு என்ன காரணம்? ஒரே நாளில் நடந்து பார்க்கக்கூடிய தடயங்கள் எவை? இன்று அங்கிருந்து லண்டனுக்கு வேலைக்குப் போய்வருவது எப்படி இருக்கிறது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணற்காடு:

காரணம் காலுக்கடியில் இருக்கிறது. அந்த வட்டாரம் பேக்‌ஷாட் மணல் படிந்த பூமி. அமிலத்தன்மை உள்ள, சத்தில்லாத மண். நெல்லி அளவு கூழாங்கல்லும் ஹெதர் புதரும் பைன் மரமும்தான். உழவுக்கு உதவாததால் அது கிராமத்தாரின் பொதுமேய்ச்சல் நிலமாகவே கிடந்தது. வயலும் தேவாலயமும் ராஜாவின் மாளிகையும் எல்லாம் ஆற்றோரத்து வண்டல் பக்கம், அதாவது பழைய வோக்கிங்கில். வாட்டர்லூ நிலையமே 1848-இல் வந்ததுதான்; அதற்கு முன் ரயில் நைன் எல்ம்ஸ் என்ற இடத்திலிருந்து புறப்பட்டது. 1838 மே 21 அன்று திறந்தபோது வோக்கிங் நிலையத்துக்கு 'வோக்கிங் காமன்', அதாவது வோக்கிங் பொதுநிலம் என்றே பெயர். பொட்டலில் நின்ற நிலையம். கில்ட்ஃபர்டுக்குப் போகும் கோச்சு வண்டிகளும் பழைய கிராமமும் தெற்கே இருந்ததால் வாசலைத் தெற்கே வைத்தார்கள். அன்றைய நிலையில் அது சரியான முடிவு.

கணக்கை மாற்றியது ஒரு சுடுகாட்டு... மன்னிக்கவும், இடுகாட்டுக் கம்பெனி. 1848-49 காலராவுக்குப் பிறகு லண்டன் தேவாலய முற்றங்களில் புதைக்க இடமில்லை. 1852-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான லண்டன் நெக்ரோபோலிஸ் கம்பெனி, இந்தப் பொதுநிலத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் வாங்கியது. மேய்ச்சல் உரிமை வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து உரிமையைத் தீர்த்தார்கள். 1854 நவம்பரில், வோக்கிங்குக்கு மேற்கே புரூக்வுட்டில் கல்லறைத் தோட்டம் திறந்தது. அதற்குப் பயன்பட்டது சுமார் 500 ஏக்கர்தான். மீதியை விற்க 1855-இலும் பிறகு 1869-இலும் தனிச் சட்ட அனுமதி வாங்கினார்கள். நிலையத்துக்கு வடக்கே கம்பெனி கைவசம் இருந்த மனைகளை விற்றதால்தான் கடைவீதி அந்தப் பக்கம் எழுந்தது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்ட ஊர் அல்ல. வாங்க வந்தவருக்கு வந்த அளவில் வெட்டிக் கொடுத்த நிலம். தெருக்களின் கோணல் இன்றும் அதைக் காட்டும்.

ஏடுதேடி:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வீட்டுமனை முதலில் விற்கவே இல்லை. நிலத்தை வாங்கியவை பெரும்பாலும் நிறுவனங்கள். லண்டன் தன் வாசலில் வைத்துக்கொள்ள விரும்பாதவை. வோக்கிங்குக்குப் பக்கத்து நாப்ஹில்லில் நோயாளிக் கைதிகளுக்கான சிறை, அதையடுத்து பெண்கள் சிறை. 1867-இல் மனநோய் மருத்துவமனை. 1909-இல் ரயில்வே ஊழியர்களின் அநாதைக் குழந்தைகளுக்கான இல்லம். இந்த வரிசையைப் பார்க்காமல் வோக்கிங் வரலாறு புரியாது.

பெண்கள் சிறைக் கைதிகள் பளிங்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து மொசைக் தரை செய்தார்கள். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத் தரையிலும் செயின்ட் பால் பேராலயத்தின் நிலவறையிலும் இருப்பது அந்த வேலைதான். அருங்காட்சியகத்தில் குனிந்து பார்த்தால் விரல்நுனி அளவுத் துண்டுகளின் இடைவெளி தெரியும். செய்த பெண்கள் யாருடைய பெயரும் அங்கே இல்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

வோக்கிங்கின் செயின்ட் ஜான்ஸ் பகுதியில் பிரிட்டனின் முதல் தகனக்கூடம் இருக்கிறது. சர் ஹென்றி தாம்சன் 1874-இல் தொடங்கிய தகனச் சங்கம் இங்கே நிலம் வாங்கி, 1879 மார்ச்சில் ஒரு குதிரையின் உடலை வைத்து உலையைச் சோதித்தது. உள்ளூர் எதிர்ப்பு பலமாக இருந்ததால் உலை ஆறு ஆண்டு சும்மா கிடந்தது. பிணத்தை எரிப்பது குற்றமாகாது என்று 1884-இல் கார்டிஃப் நீதிமன்றம், இறந்த தன் குழந்தையை எரிக்க முயன்ற டாக்டர் வில்லியம் பிரைஸின் வழக்கில் சொன்ன பிறகே, 1885 மார்ச் 26 அன்று முதல் மனித உடல் எரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் மொத்தம் மூன்றே தகனங்கள்.

நடிகர் ஓய்வு இல்லமாகக் கட்டி, நடத்த முடியாமல் போன கட்டடத்தை 1880-களில் வாங்கியவர் லைட்னர். லாகூர் அரசுக் கல்லூரியின் முதல் முதல்வர். வோக்கிங்கில் வாங்கிய அந்தக் கட்டடத்தில் கீழ்த்திசைக் கல்விக்கழகம் நடத்தினார். அந்த வளாகத்தில்தான் போபால் அரசி ஷா ஜஹான் பேகத்தின் நன்கொடையோடு 1889-இல் ஷா ஜஹான் பள்ளிவாசல் எழுந்தது. பிரிட்டனில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதல் கட்டடம் அது.

வழிப்போக்கன்:

நடைக்கு ஏற்பாடு இப்படிச் செய்யலாம். மொத்தம் எட்டு, ஒன்பது மைல் வரும். காலை ரயிலில் வாட்டர்லூவிலிருந்து வரும்போது இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். நிலையத்துக்குச் சற்று முன் பள்ளிவாசலின் பச்சைக் குவிமாடம் மரங்களுக்கு இடையே தெரியும், சில நொடிகள்தான். தெற்கு வாசல் வழியாக இறங்கி ஓரியன்டல் ரோட்டில் கிழக்கே நடந்தால் அங்கே போய்விடலாம். படத்தில் பார்த்ததைவிட மிகச் சின்னக் கட்டடம். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள். தொழுகைக்கு வருவோரால் நடைபாதை நிறைந்துவிடும்.

அங்கிருந்து மான்யுமென்ட் ரோடு வழியே வடக்கே ரயில் பாதையையும் கால்வாயையும் தாண்டினால் ஹார்செல் பொதுநிலம். அதன் ஓரத்தில், வளைவு வாசலும் குவிமாடமும் வைத்த செங்கல் மதிலுக்குள் முதல் உலகப்போரில் இறந்த இந்திய முஸ்லிம் வீரர்களின் இடுகாடு. 1960-களின் இறுதியில் உடல்களை புரூக்வுட் ராணுவக் கல்லறைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அது அமைதித் தோட்டம். போகிற வழிப் புதர்வெளியில் வசந்தத்திலும் கோடையிலும் பாதையை விட்டு இறங்காதீர்கள். நைட்ஜார், உட்லார்க் பறவைகள் தரையிலேயே முட்டையிடும். நாய் கொண்டுபோனால் கயிற்றில் பிடித்தே கூட்டிப்போங்கள். இந்தப் பறவைகளுக்காகவே பாதுகாக்கப்பட்ட புதர்வெளியிலிருந்து 400 மீட்டருக்குள் புது வீடு கட்ட அனுமதி கிடைப்பதில்லை. நகர மையத்தில் மாடிமேல் மாடியாக அடுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திரும்பி கால்வாய்க்கு வந்து கரைப்பாதையில் மேற்கே நடங்கள். 1794-இல் முடிந்த பேசிங்ஸ்டோக் கால்வாய் இது. மொத்தம் 29 லாக்குகள், அதாவது படகை மேலேற்றிக் கீழிறக்கும் மதகுகள். அவற்றில் ஐந்து செயின்ட் ஜான்ஸில், மூன்று புரூக்வுட்டில். ஊற்றுநீரை நம்பிய கால்வாய் என்பதால் கோடையில் நீர் குறைந்து லாக்குகளைப் பூட்டிவிடுவதுண்டு. படகு பார்க்கும் ஆசை இருந்தால் முன்கூட்டி விசாரியுங்கள். மழைக்குப் பிறகு பாதை சில இடங்களில் சேறாகும், தோல்காலணி ஆகாது.

பழைய வோக்கிங்கைத் தனி நாளுக்கு வையுங்கள். செயின்ட் பீட்டர் தேவாலயத்தின் மேற்கு வாசலில் இரும்புப்பட்டை அடித்த நார்மன் காலத்துக் கதவு, அதற்காகவே போகலாம். எட்டாம் ஹென்றியின் மாளிகை இடிபாடு ஆண்டில் ஒருசில நாள்தான் திறக்கிறது.

சுவடுதேடி:

மிக்க நன்றி. லண்டனிலிருந்து புரூக்வுட் கல்லறைத் தோட்டத்துக்குப் பிணங்களை ஏற்றிவந்த தனி ரயில் ஒன்று ஓடியதே, அதன் பாதை இன்னும் இருக்கிறதா?

மணற்காடு:

தண்டவாளம் இல்லை, தடம் இருக்கிறது. புரூக்வுட் நிலையத்தின் தெற்கு வாசலில் இறங்கினால் நேரே கல்லறைத் தோட்டம். பிரதான பாதையிலிருந்து பிரிந்த கிளையில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வருவார்கள். அந்தக் கிளையின் தடம் 'ரயில்வே அவென்யூ' என்ற பெயரில் நடைபாதையாக நீள்கிறது. உள்ளே இரண்டு நிலையங்கள்: ஆங்கிலிக்கன் திருச்சபையாருக்குத் தெற்கு, மற்றவர்களுக்கு வடக்கு. தெற்கு நிலையத்தின் நடைமேடை மட்டும் மிச்சம். பக்கத்தில் இப்போது ஆர்த்தடாக்ஸ் துறவிகளின் மடம். வடக்கு, தெற்குப் பகுதிகளுக்கு நடுவே 'செமட்ரி பேல்ஸ்' என்ற சாலை ஓடுகிறது. வண்டிகள் வேகமாக வரும், பார்த்துக் கடக்கவும்.

கட்டணத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். சவப்பெட்டிக்கு ஒருவழிச் சீட்டு: முதல் வகுப்பு 1 பவுண்டு, இரண்டாம் வகுப்பு 5 ஷில்லிங், மூன்றாம் வகுப்பு 2 ஷில்லிங் 6 பென்ஸ். உடன் வருவோருக்கு போகவர 6 ஷில்லிங், 3 ஷில்லிங் 6 பென்ஸ், 2 ஷில்லிங். செத்த பிறகும் வகுப்பு விடவில்லை. 1941 ஏப்ரலில், வண்டி புறப்படும் லண்டன் நிலையம் குண்டுவீச்சில் அழிந்ததோடு இந்த ரயில் நின்றது. அதன் முகப்புக் கட்டடம் வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் ரோடு 121-ஆம் எண்ணில் நிற்கிறது. நடையை அங்கிருந்து தொடங்கினால் முழுமையாக இருக்கும்.

தடம்மாற்றி:

இன்றைய போக்குவரத்து பற்றி. விரைவு வண்டி 25 நிமிடத்தில் வாட்டர்லூ சேர்க்கும். ஊரின் மவுசு முழுவதும் இந்த 25 நிமிடத்தில்தான் இருக்கிறது. மின்வண்டி 1937-இல் வந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்து மூன்றாம் தண்டில் 750 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது. பனிக்கட்டி உறைந்தால் வண்டி மின்சாரம் எடுக்கும் தொடுப்பு அந்தத் தண்டில் பிடிக்காமல் தாமதமாகும்.

அடிக்கடி தாமதம் வர இன்னொரு காரணம், நிலையத்துக்கு மேற்கே உள்ள சமதளச் சந்திப்பு. கில்ட்ஃபர்டு வழியாகப் போகும் போர்ட்ஸ்மத் பாதை தெற்கே பிரிகிறது. கில்ட்ஃபர்டிலிருந்து லண்டன் போகும் வண்டி, எதிரே லண்டனிலிருந்து வரும் வண்டிகளின் தடங்களைக் குறுக்கே கடந்தாக வேண்டும். ஒரு வண்டி மூன்று நிமிடம் தாமதித்தால் அடுத்தடுத்தவை வரிசையாக நிற்கும். மேம்பாலம் கட்டும் யோசனை பல ஆண்டுகளாக இருக்கிறது.

சீசன் டிக்கெட்டில் ஆண்டுச் சீட்டின் விலை, வாரச்சீட்டின் 40 மடங்கு. விடுப்பெல்லாம் கழித்து 40 வாரத்துக்குக் குறைவாகப் பயணித்தால் வாங்காதீர்கள். வாரம் இரண்டு நாள் அலுவலகம் போவோருக்கு ஃப்ளெக்ஸி சீட்டு பொருந்தும்: 28 நாளில் 8 நாள் பயணம். மூன்று நாளென்றால் எட்டு போதாது. நாள் சீட்டோடு சேர்த்துக் கூட்டிப்பார்த்து முடிவெடுங்கள்.

வீடு வாங்க யோசிப்பவர்கள் கவுன்சில் வரி என்ற உள்ளாட்சி வரியையும் பார்க்க வேண்டும். ஊரின் நகராட்சியான வோக்கிங் பரோ கவுன்சில் நகர மையத்தின் உயர்மாடித் திட்டங்களுக்காகப் பெருங்கடன் வாங்கி, 2023 ஜூனில் பிரிவு 114 அறிவிப்பு, அதாவது வரவைக் கொண்டு செலவைச் சமாளிக்க முடியாது என்ற அறிவிப்பு வெளியிட்டது. அந்த ஆண்டில் கையில் இருந்த வருவாய் 1.6 கோடி பவுண்டு, எதிர்பார்த்த பற்றாக்குறை 120 கோடி பவுண்டு. 2024-இல் பரோவின் பங்கு சுமார் 10 சதவீதம் உயர்ந்தது. ஆனால் ரசீதில் பெரும்பகுதி சர்ரே மாவட்டக் கவுன்சிலுக்குப் போகிறது, பரோவின் பங்கு சிறியது. ஆகவே மொத்தத் தொகை 10 சதவீதம் கூடியதாகக் கணக்குப் போட்டு விடாதீர்கள். ரசீதில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஏடுதேடி:

ஆவணம் தேடுவோருக்கு: சர்ரே வரலாற்று மையம் வோக்கிங்கிலேயே, கோல்ட்ஸ்வர்த் ரோட்டில் இருக்கிறது, நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள். வாசிப்பறையில் பென்சில் மட்டுமே. முதலில் 1840-களின் தசமபாக வரைபடம் (தேவாலயத்துக்குரிய வரிக்காக நிலங்களைக் குறித்தது), பிறகு 1870-களில் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே, மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரைந்த வரைபடம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, நிலையத்துக்கு வடக்கே பொதுநிலம் என்று இருந்த இடம் மனைகளாக மாறியதைப் பாருங்கள். கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் நடுவே உள்ள துண்டில்தான் மாற்றம் அதிகம்; அங்கிருந்து தொடங்குங்கள்.